இருநூற்றுப் பத்துப் பச்சைக் காலர்கள்

ஒன்றேகால் அங்குல உயரச் சிப்பாய்க்குச் சட்டை, பூட்ஸ், தொப்பி, துப்பாக்கி எல்லாம் தீட்டிவிடலாம். காலர்தான் கஷ்டம். தாடைக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு நூல் அகலம்தான் இடம். பிரஷ் கொஞ்சம் மேலே ஏறினால் தாடி முளைத்துவிடும். கொஞ்சம் கீழே இறங்கினால் கழுத்தை அறுத்துத் திரும்ப ஒட்டிய மாதிரி இருக்கும். நீங்கள் கேட்டது இதுவல்ல என்று தெரியும் மேடம். ஆனால் நடந்ததெல்லாம் அந்த நூல் அகலத்தில்தான் நடந்தது.

உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் நேற்று என் தொழில் என்ற இடத்தில் "பொம்மை வேலை" என்று எழுதிக்கொண்டார். என் அண்ணனும் அப்படித்தான் சொல்வான், அதனால் கோபமில்லை. இருந்தாலும் ஃபைல் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். வசதியான ஆண்கள் சிலர் சனிக்கிழமை மதியம் ஒரு பத்தடி மேசையைச் சுற்றி நின்று, இருநூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ செத்துப்போன சண்டையை மறுபடி போடுவார்கள். மேசைமேல் வார்னிஷ் ஊற்றிய ஆறு, தெர்மாகோல் மலை, நடுவில் ஒரு பாலம். இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை. டேப் பிடித்து அளந்து சிப்பாய்களை நகர்த்துவார்கள், பகடை உருட்டுவார்கள். ஆறு விழுந்தால் எதிரியின் குதிரைப்படை சிதறும். ஒன்று விழுந்தால் டீ குடிக்கப் போய்விடுவார்கள். "இடது அணி முன்னேறட்டும்" என்று கர்ஜிக்கிறவர், அதைச் சொல்லிவிட்டு மூட்டு வலிக்கிறது என்று நாற்காலி கேட்பார்.

அந்த இரண்டு படைகளையும் கட்டுவதுதான் என் வேலை. சிவப்புச் சட்டை இருநூற்றுப் பத்து, பச்சைச் சட்டை இருநூற்றுப் பத்து. எதிரிகள் இரண்டு பேருக்கும் ஒரே தையல்காரி. எந்தப் பட்டாளத்துக்கு எத்தனை பொத்தான், எந்த வருஷம் தொப்பியில் இறகு வைத்தார்கள், மழையில் சட்டைச் சாயம் எப்படி வெளுத்தது என்று தேடிப் பிடித்து, நூற்று நாற்பது பக்கம் குறிப்பு எழுதி, அதன்படி தீட்டினேன். ஒரு படைக்குக் கூடக்கூடாது, இன்னொரு படைக்குக் குறையக்கூடாது. நியாயமாகக் கட்டினேன். அதில் யாரும் என்மேல் புகார் சொல்லவில்லை, இன்று வரை.

எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். அப்பா ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறார். முப்பது வருஷமாக ஏறி இறங்கியும் அதே கிரவுண்ட் ஃப்ளோரில்தான் இருக்கிறார். அம்மா லாண்டரியில் படுக்கைவிரிப்பு மடிக்கிறார். என் பட்டத்தை ஃப்ரேம் போட்டு, மீட்டர் பெட்டியை மறைக்கிற மாதிரி மாட்டியிருக்கிறார். ரீடிங் எடுக்க வருகிறவர் மாதம் ஒரு முறை அதைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டுவார். சரித்திரத்தில் முதல் வகுப்பு வாங்கியதற்கு அவர் ஒருவர்தான் தவறாமல் மரியாதை செய்தவர்.

நூலகத்து அறிவிப்புப் பலகையில் "சரித்திரம் படித்த, பொறுமையுள்ள ஆள் தேவை" என்று ஒரு சீட்டு இருந்தது. இரண்டில் ஒன்று என்னிடம் இருந்ததால் போனேன்.

அவரைத் தளபதி என்று கூப்பிடுவார்கள். எந்தப் படையிலும் இருந்தவரில்லை. டயர் கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காரை வெளியே வெயிலில் நிறுத்திவிட்டு, கார் ஷெட்டைப் போர்க்களமாக்கி வைத்திருந்தார். முதல் நாள் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"யாரோட சரித்திரம் படிச்சே? ஜெயிச்சவங்களோடதா, தோத்தவங்களோடதா?"

"சிலபஸ்ல ஜெயிச்சவங்க மட்டும்தான் சார் இருந்தாங்க."

சிரித்தார். வேலை கிடைத்தது. அன்றைக்கே ஒரு பிரஷ்ஷை எடுத்து, முனையை உதட்டில் வைத்து இழுத்து, ஊசி மாதிரி ஆக்கிக் காட்டினார். "எச்சில்தான்மா இதுக்கு மருந்து. எந்தக் கடையிலயும் கிடைக்காது." இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். முனை பிரிந்த பிரஷ்ஷை வைத்து நூல் அகலத்தில் கோடு போட முடியாது. தண்ணீரில் தோய்த்தால் தொங்கும், துணியில் துடைத்தால் பிரியும். நாக்குதான் சரி. ஒரு சிப்பாய்க்கு இருபது முறையாவது பிரஷ் வாய்க்குப் போகும். வெளியாள் பார்த்தால் அருவருப்பு. எங்களுக்கு அது எழுதுகிறவர் பேனாவைக் கடிக்கிற மாதிரி.

இன்னொரு வழக்கமும் உண்டு. இது அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு மட்டுமே உரிய சட்டம். சிப்பாய்க்குக் கடைசியாகத் தீட்டுவது காலர். காலர் யார் வைத்தாரோ, படை அவருடையது. அடிப்பூச்சு பூசியவர், சட்டை தீட்டியவர், இருநூற்றுப் பத்து ஜோடி பூட்ஸுக்குக் கறுப்பு வைத்தவர் எல்லாம் கணக்கில் வரமாட்டார்கள். காலர் வைத்தவர் பெயர்தான் படைக்கு. கூலிக்கு ஆள் வைத்துத் தீட்டிக்கொள்கிற ஆண்கள் கூடிப் போட்ட சட்டம் வேறு எப்படி இருக்கும். நோகாமல் நுங்கு தின்பதற்கும் ஒரு நடைமுறை வேண்டுமல்லவா.

அதனால் பத்துப் பத்தாக, காலர் மட்டும் வெறுமையாக விட்டு, ட்ரேயில் அடுக்கி வைப்பேன். கூடவே ஒரு சின்ன டப்பாவில் காலர் பெயிண்ட். சாயங்காலம் தளபதி ட்ரேயை மாடிக்கு எடுத்துப் போவார். இரண்டு நாளில் காலரோடு இறங்கி வரும். கீழே உட்கார்ந்து ஒரு நாளும் வைத்ததில்லை. "படைக்கிறவன் படைக்கிறதை யாரும் பாக்கக் கூடாது" என்பார். நானும் மாடிக்குப் போனதில்லை. போகவேண்டிய வேலை எனக்கில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலர்கள் பிரமாதமாக இருக்கும். நான் வைத்தால் பத்தில் இரண்டு பிசகும். மாடியிலிருந்து வருவதில் ஒன்றுகூடப் பிசகாது. தாடையின் நிழல் விழுகிற இடத்தில் கொஞ்சம் அடர்த்தி, முனையில் ஒரு வெளிச்சப் புள்ளி. லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த மனுஷனிடம் எனக்குப் பிடிக்காதது ஆயிரம் இருந்தது. ஆனால் கையைக் குறை சொல்ல முடியவில்லை. அதுதான் அதிகம் எரிந்தது. ஒன்றும் தெரியாதவன் திருடினால் சிரித்துவிட்டுப் போகலாம்.

வீட்டில் அவரும் அவர் மனைவியும்தான். மனைவியை நான் ஆன்ட்டி என்று கூப்பிடுவேன். சத்தமில்லாத மனுஷி. நாலு மணிக்கு டீயும் இரண்டு பிஸ்கெட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் தீட்டிக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார்.

"கண்ணு வலிக்கலையா உனக்கு?"

"பழகிடுச்சு ஆன்ட்டி."

"பூட்ஸுக்குள்ள கொஞ்சம் ஊதா கலந்திருக்கே போல. வெறும் கறுப்பைவிட நல்லா இருக்கு."

இதை அந்தக் கூட்டத்தில் யாரும் கவனித்ததில்லை. அவர் கவனித்தார். நான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீ கொண்டுவருகிறவர் சொல்வதை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்.

சிவப்புப் படை முடிந்த சமயத்தில் மியூசியத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பெண்தான். இரண்டு படைகளையும் அப்படியே வாங்கி, பெரிய கண்ணாடிப் பெட்டியில் நிரந்தரமாக வைக்கப்போவதாகச் சொன்னார். கீழே பித்தளைத் தகட்டில் உருவாக்கியவர் பெயர். அதோடு இன்னும் பத்துச் சண்டைகள் செய்ய வேண்டும், உருவாக்கியவருக்கு அங்கேயே வேலை, மேசை, அடையாள அட்டை. அடையாள அட்டை என்றதும் எனக்கு அம்மா மீட்டர் பெட்டிப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடிப்பது தெரிந்தது.

அதற்கு முன்னால் தளபதி எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். "ரெண்டு படையும் முடியட்டும். எங்க போனாலும் உன் பேரும் என் பேரும் சேர்ந்துதான் போகும்." அந்த ஒரு வார்த்தைக்காக ஒன்றரை வருஷம் முதுகு வளைந்து உட்கார்ந்தேன்.

அதிகாரி என் நூற்று நாற்பது பக்கக் குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். முதல் பக்கத்தில் தளபதியின் பெயர் டைப் செய்யப்பட்டிருந்தது. எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

"இவ்வளவு ஆராய்ச்சியா சார்? நீங்களே செஞ்சதா?"

"வேற யாரு? ரிட்டையர் ஆனதிலேர்ந்து இதே தவம்."

"இவங்க?" என்று என்னைக் காட்டினார்.

"நல்ல பொண்ணு. டப்பா கழுவும். அடிப்பூச்சு பூசும். கையில சுத்தம்."

கையில் சுத்தம். அதை இங்கே எழுதும்போதுகூட எனக்கு நிதானம் தவறவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள்.

அதிகாரி போனபிறகு கேட்டேன். சத்தம் போட்டுக் கேட்கவில்லை.

"சார், என் பேரும் போடுறதா சொன்னீங்க."

"பேரா? காலர் யாரும்மா வெச்சது?"

"நீங்கதான் சார்."

"அப்புறம் என்ன." டேபிளில் இருந்த ஒரு சிவப்புச் சிப்பாயை எடுத்து என் முன்னால் நகர்த்தி வைத்தார். "பாரு. சட்டை எல்லாரும் போடுவான். காலர் இருந்தாத்தான் ஆபீசர்."

அன்று வீட்டுக்குப் போனால் அண்ணன் காத்திருந்தான். அவன் பார்சல் வண்டி ஓட்டுகிறான். எந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று வாசலில் நின்றே சொல்வான்.

"என்ன மேடம், மியூசியத்துக்காரங்க வந்தாங்களாமே. உன்னையும் கண்ணாடிப் பெட்டியில வைக்கிறாங்களா?"

"வாயை மூடு."

"டிகிரி வாங்கிப் பொம்மைக்கு டவுசர் போடுறே. இதுக்கு டவுசர் கடையிலயே வேலைக்குப் போயிருக்கலாம். தள்ளுபடியாவது கிடைச்சிருக்கும்."

"விடுடா அவளை" என்றார் அம்மா. பிறகு என்னிடம் மெதுவாக, "அடுத்தவங்க பேரைப் போட்டுக்கட்டும்மா. பேரு என்ன சோறா போடுது? சம்பளம் வருதுல்ல, கண்டுக்காம இரு" என்றார். கண்டுகொள்ளாமல் இருப்பதற்குப் பதினேழு வருஷம் எதற்குப் படிக்கவைத்தார் என்று நான் கேட்கவில்லை. அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

அடுத்த வாரம் பச்சைப் படை ஆரம்பித்தது. முதல் ட்ரேயோடு நான் வைத்த பச்சைப் பெயிண்ட்டைத் தளபதி திருப்பி அனுப்பிவிட்டார்.

"இது கடைப் பச்சை. சட்டைக்கு இது போதும், காலருக்கு அந்தக் காலத்துப் பச்சை வேணும். மியூசியத்துல நிக்கப்போற படை. சரித்திரம்னு வந்துட்டா சமரசமே கூடாது."

அந்தக் காலத்துப் பச்சை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எதைச் சேர்த்துச் செய்தார்கள் என்றும் தெரியும். அந்தப் பச்சை பூசிய சுவருக்குள் படுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்றும் தெரியும். எல்லாம் குறிப்பில் எண்பத்தேழாம் பக்கத்தில் இருக்கிறது. "இது விஷம், எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தக் கூடாது, வாய்க்குப் போகவே கூடாது" என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன். மன்னிக்கவும். தளபதி எழுதியிருக்கிறார். முதல் பக்கத்தில் அவர் பெயர்தானே இருக்கிறது.

எனக்கு இது ஒரு பரீட்சை மாதிரிதான் பட்டது, ரொம்ப நியாயமான பரீட்சை. தான் எழுதியதாகச் சொல்லிக்கொண்ட புத்தகத்தை ஒரு மனிதன் ஒரு முறை படித்திருந்தால் போதும், அவனுக்கு ஒன்றும் ஆகாது. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவனை நான் எப்படிக் காப்பாற்றுவது. அவர் கேட்டதைக் கொடுத்தேன். எங்கே கிடைத்தது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன், உங்கள் ஃபைலில் இருக்கிறது. இங்கே திரும்ப எழுதினால் யாராவது படித்துவிட்டு வாங்கப் போவார்கள். நான் பொறுப்புள்ள பெண்.

சாகடிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்பமாட்டீர்கள், பரவாயில்லை. படுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அவர் படுத்தால் ட்ரேக்கள் காலர் இல்லாமல் தேங்கும். மியூசியம் தேதி நெருங்கும். "காலர் வைக்க வேற யாரு இருக்கா" என்று அதிகாரி கேட்பார். எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். நான் பிரஷ்ஷை எடுப்பேன். அவர்கள் சட்டப்படியே படை என்னுடையதாகும். கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது. போர்த்திட்டம் என்றால் இதுதான். டேப்பும் பகடையும் இல்லாதது ஒன்றுதான் வித்தியாசம்.

பச்சை டப்பாவைத் தொடும்போது மட்டும் கையுறை போட்டுக்கொண்டேன். மாடிக்கு ட்ரேக்கள் போயின, வந்தன. காலர்கள் எப்போதும்போலப் பிரமாதம். தளபதியும் எப்போதும்போலப் பிரமாதம். கன்னம் உப்பிக்கொண்டே வந்தது. சனிக்கிழமைகளில் முன்பைவிட அதிகமாகக் கத்தினார். பகடையைக் கையால் உருட்டமாட்டார், கப்பில் போட்டுக் குலுக்குவார். அந்தக் குலுக்கல் சத்தம் எனக்குச் சவால் விடுவதுபோல இருந்தது. டயர் விற்ற மனுஷனுக்கு வயிறும் டயராலேயே ஆனது போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒன்பது ட்ரே போயும் ஒரு தும்மல்கூட இல்லை. பத்தாவது ட்ரேயிலிருந்து பச்சையைக் கெட்டியாகக் கலந்தேன்.

ஆன்ட்டிக்குத்தான் உடம்பு சரியில்லாமல் போயிற்று. டீ சில நாள் வராது. வந்தால் பிஸ்கெட் இருக்காது. சாப்பிட்டது நிற்கவில்லை என்றார். தலைமுடியைச் சீப்பிலிருந்து எடுத்து எடுத்துச் சலித்துப்போனதாகச் சொன்னார்.

"டாக்டரைப் பாருங்க ஆன்ட்டி."

"வயசுக்கு என்ன டாக்டர். இவருக்குச் சொன்னா, சண்டை முடியட்டும், அப்புறம் பாக்கலாம்கிறார்." சிரித்தார். "இருநூறு வருஷமா முடியாத சண்டை."

நானும் வயசுதான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எப்படித் தெரியும் என்று நேற்றுப் பூராவும் உங்களிடம் சொன்னேன். எழுத்திலும் அப்படியே போட்டிருக்கிறேன்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் சிவப்புப் படையை நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். வாராவாரம் தோற்பார், வாராவாரம் வருவார். பதினெட்டாவது ட்ரே இறங்கி வந்த சனிக்கிழமை ஆன்ட்டி டீ கிளாஸ்களை எடுத்துவந்தார். வாசற்படியிலேயே தட்டு கையிலிருந்து நழுவியது. கிளாஸ் உடைந்து விரலைக் கிழித்திருக்கிறது, ரத்தம் சொட்டுகிறது, அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"கை வெட்டியிருக்கும்மா" என்றார் பல் டாக்டர்.

"அப்படியா? தெரியலையே."

"தெரியலையா?"

"கொஞ்ச நாளா விரல்ல ஒண்ணுமே தெரியலை. சூடும் தெரியலை, ஜில்லுன்னும் தெரியலை."

தளபதி டேப்பைப் பிடித்தபடி, "பாலத்துக்கு இன்னும் நாலு இஞ்ச்தான், முதல்ல உன் ஆட்டத்தை ஆடுய்யா" என்றார்.

பல் டாக்டர் ஆடவில்லை. ஆன்ட்டியின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அந்த அறையில் நிஜமாக ஏதோ ஒன்றைப் படித்திருந்தவர் என்னைத் தவிர அவர் ஒருவர்தான் போல. "காரை எடு. இப்பவே ஆஸ்பத்திரி. இந்த அம்மா வாயில எதையாவது வைக்கிற பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

 தளபதியின் கையிலிருந்த டேப் சடசடவென்று மேசையில் அடித்துக்கொண்டது. அப்போதுதான் நாங்கள் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தோம். ஐந்து வருஷமாக நடுங்குகிறதாம், அவரே ஒப்புக்கொண்டார். ஒரு கோடு போட வராது. கப்பில் பகடை போட்டது கெத்துக்காக இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் துணி மில்லில் டிசைன் வரைந்தவராம் ஆன்ட்டி. சிவப்பும் பச்சையும் எல்லாக் காலரும் அவர் வைத்தது. வைத்தது அவர், பெயர் தளபதிக்கு. என்னிடம் திருடுவதற்கு முன்பே ஒத்திகை பார்க்க வீட்டிலேயே ஆள் இருந்திருக்கிறது.

அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது என்று எழுதிக் கொடுத்தேன். நீங்களும் வாங்கிக்கொண்டீர்கள். முட்டாளை நோக்கி எறிந்த கல் அப்பாவிமேல் பட்டது, ஒரு நூல் அகலத்தில் குறி பிசகியது, இதுதான் நேற்று வரைக்கும் என் வாக்குமூலம். நன்றாகத்தான் வந்திருந்தது. நீங்கள்கூட எனக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்கள்.

இன்று காலை நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து, ஆன்ட்டி சொன்னதை வாசித்துக் காட்டினீர்கள். உயிருக்கு ஆபத்தில்லை. விரல்களில் உணர்ச்சி திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு அவர் சொன்னது: "அந்தப் பொண்ணை ஒண்ணும் பண்ணிடாதீங்க. ஒரு நாள் நாங்க பேசிட்டிருக்கும்போது மாடிப்படி வரைக்கும் வந்தா. செருப்புச் சத்தம் கேட்டுச்சு. புருஷன் பொண்டாட்டி பேசுறாங்கன்னு உள்ள வராமத் திரும்பிட்டா. அவ்வளவு மரியாதை தெரிஞ்ச பொண்ணு."

வாசித்து முடித்தீர்கள். பேப்பரை மட்டும் என் பக்கம் நகர்த்தினீர்கள். கெட்டிக்காரர் நீங்கள்.

ஆமாம், போனேன். ஒன்பதாவது ட்ரே மேலே போன மறுநாள். காலர் பட்டையை அரை நூல் குறைக்க வேண்டும் என்று சொல்லப் போனேன். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. ஜன்னலோரம் ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். கண்ணில் லென்ஸ், கையில் பிரஷ். உதட்டில் வைத்து முனையை இழுத்தார். ஒரே மூச்சில் ஒரு காலர். அடுத்ததுக்கு மறுபடி உதடு. நான் ஒன்றரை வருஷமாகப் பொறாமைப்பட்ட கை அங்கே இருந்தது. தளபதி கட்டிலில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு பேரையும் தகட்டுல போடுங்க" என்றார் ஆன்ட்டி.

"ஆரம்பிச்சிட்டியா."

"போடலைன்னா மிச்சக் காலரை நீங்களே வெச்சுக்குங்க. என் பேர் வேண்டாம், எனக்கு எதுக்கு. அவ பேரைப் போடுங்க. பாவம். கஷ்டப்பட்ட வீட்டுப் பொண்ணு. ஏதோ படிச்சிருக்கா."

"சரி சரி, போட்டுத் தொலையிறேன். நீ கையை நிறுத்தாதே."

கதவைத் தள்ளியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். நான் கேட்டது எல்லாம் அந்த அறையில் எனக்குக் கிடைத்துவிட்டது. பெயர், தகடு, மேசை, அட்டை. நின்று யோசித்தேன். அவசரப்படவில்லை. தளபதியை வெறுப்பது சுலபமாக இருந்தது, ஏனென்றால் அவர் திருடன், நான் சொந்தக்காரி. இந்த மனுஷி திருடவில்லை. என்னைவிட நன்றாகத் தீட்டினார், அவ்வளவுதான். அவர்கள் சட்டப்படியும் சரி, என் சட்டப்படியும் சரி, படை அவருடையது. அவர் அதை வேண்டாம் என்று எடுத்து, பாவம் என்று சொல்லி, என் தட்டில் போடுகிறார். மீட்டர் பெட்டியை மறைக்கிற என் டிகிரிக்கு அவர் வைத்த விலை, "ஏதோ".

அந்தக் கை இருக்கும்வரை என் காலரில் பத்துக்கு இரண்டு பிசகிக்கொண்டேதான் இருக்கும்.

படியிறங்கி வந்தேன். செருப்புச் சத்தத்தை நான் மறைக்கவில்லை, அவருக்குக் கேட்டதே அதற்குச் சாட்சி. கையுறையைப் போட்டுக்கொண்டு, பத்தாவது ட்ரேக்கான டப்பாவை எடுத்து, முன்பைவிடக் கெட்டியாகக் கலந்தேன். அதற்குப் பிறகு எட்டு டப்பா கலந்தேன். தினமும் டீ குடித்துவிட்டு, டாக்டரைப் பாருங்கள் ஆன்ட்டி என்று சொன்னேன்.

மியூசியத்துக்கு இன்னும் முப்பது காலர் பாக்கியிருக்கிறது. அது என் கவலை இல்லை. கீழே கையெழுத்துப் போடும் இடத்தில் உங்கள் ரைட்டர் பெருவிரல் ரேகைக்குக் கட்டம் போட்டு வைத்திருக்கிறார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். என் பெயரை முழுசாக எழுதுங்கள், டிகிரியோடு சேர்த்து. இதில் கடைசிக் கோடு வரைக்கும் நானேதான் போட்டேன்.